அலாஸ்கா: தூரமும் சமத்துவமும்



சட்டத்தை அது வழங்கும் மண்ணோடு சேர்த்துப் பார்க்கிற உரையாக இருக்கட்டும் என்று அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் அலாஸ்காவை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க வரைபடங்களில் அந்த மாநிலத்தைத் தனிக் கட்டம் கட்டி, அளவைச் சுருக்கி, கீழ் மூலையில் ஒதுக்கிவிடுவது வழக்கம். அதனால் அதன் உண்மையான பரப்பு நம் கண்ணில் படுவதேயில்லை. ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டர். பதின்மூன்று தமிழ்நாடுகள் அதற்குள் அடங்கும். அங்கே வசிப்பவர்களோ, 2020 கணக்கெடுப்பின்படி, 7,33,391 பேர். அவர்களிலும் பத்தில் நான்கு பேர் ஆங்கரேஜ் என்ற ஒரே நகரத்தில் இருக்கிறார்கள். 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட அந்த நிலப்பரப்பு 1959 ஜனவரி 3 அன்றுதான் மாநிலமானது. அதன் தலைநகர் ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலை இன்றும் கிடையாது. சட்டமன்ற உறுப்பினரானாலும் விமானத்திலோ கப்பலிலோதான் போய்ச் சேர வேண்டும்.

அலாஸ்காவைப் பற்றி மூன்று நம்பிக்கைகள் உலகெங்கும் உலவுகின்றன. நிலம் சும்மா கிடைக்கும். எப்படி வாழ்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போதாததற்கு அரசாங்கம் ஆண்டுதோறும் கையில் பணமும் கொடுக்கும். மூன்றிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் அந்த மாநிலத்தின் வழக்குகளைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு, அங்கே நடக்கும் உண்மையான போராட்டம் வேறொன்று என்று படுகிறது. எல்லோரையும் ஒரேமாதிரி நடத்த வேண்டும் என்கிறது சட்டம். அந்த நிலத்தில் இருவர் ஒரே நிலையில் இருப்பதைத் தூரம் தடுத்துவிடுகிறது. தூரத்தைக் கணக்கில் எடுக்காத சமத்துவம் அங்கே அநீதியாக முடிகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

நிலம் யாருடையது

முதலில் நிலம். அலாஸ்காவின் நிலத்தில் சுமார் 60 விழுக்காடு ஒன்றிய அரசுக்குச் சொந்தம். தேசியப் பூங்காக்கள், வனவிலங்குப் புகலிடங்கள், காடுகள், ராணுவ நிலங்கள் எல்லாம் அதில் அடங்கும். 28 விழுக்காடு மாநில அரசுக்கு. 12 விழுக்காடு பழங்குடி மக்களின் நிறுவனங்களுக்கு. மற்ற தனியாரிடம் இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு காலியான நிலத்தில் விற்பனைக்கு வரும் இடம் இவ்வளவு சொற்பம் என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் நம்புவதற்கே நாளாகும். குடியேறி, குடிசை கட்டி, பயிரிட்டுக் காட்டினால் பட்டா என்ற பழைய ஒன்றியச் சட்டம் மற்ற மாநிலங்களில் 1976இல் முடிந்தது; அலாஸ்காவுக்குப் பத்தாண்டு கூடுதலாகக் கொடுத்து 1986இல் அங்கும் முடித்துவிட்டார்கள். இப்போது மாநில அரசு அவ்வப்போது சில துண்டுகளை விற்கிறது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கிய துண்டுக்குப் போய்ச்சேரச் சாலை இருக்காது.

பழங்குடி மக்களின் 12 விழுக்காடு எப்படி வந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1968இல் வடகரையில் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயைத் தெற்கே வால்டிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1,288 கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டும். குழாய் போகும் நிலம் யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் எல்லோருக்கும் அவசரமாயிற்று. இனூபியாக், யுப்பிக், அதபாஸ்கன், டிலிங்கிட் முதலான மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். அவர்களோடு எந்த உடன்படிக்கையும் செய்யப்பட்டதில்லை. 1971 டிசம்பர் 18 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தீர்வுச் சட்டம் அவர்களுக்கு 4.4 கோடி ஏக்கரையும் 96.25 கோடி டாலரையும் கொடுத்தது. கொடுத்த விதத்தைக் கவனியுங்கள். நிலம் குலத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டு வட்டார நிறுவனங்களும் இருநூறு அளவில் கிராம நிறுவனங்களும் தொடங்கப்பட்டு, மக்கள் அவற்றின் பங்குதாரர்கள் ஆக்கப்பட்டார்கள். அந்த டிசம்பர் 18க்கு மறுநாள் பிறந்த குழந்தைக்குப் பங்கு கிடையாது. பிற்காலத் திருத்தத்தின் வழியாக, நிறுவனத்தின் பங்குதாரர்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு. அண்ணனுக்குப் பாட்டன் நிலத்தில் பங்கு, தம்பிக்கு இல்லை என்ற நிலை எத்தனை வீடுகளில் வந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அதே சட்டம் அவர்களின் பூர்வீக வேட்டை உரிமையையும் மீன்பிடி உரிமையையும் ஒரே வாசகத்தில் அழித்தது. அந்த வாசகத்தின் விளைவுக்குப் பின்னால் வருகிறேன்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஒரு அடிப்படை இருக்கிறது. மாநிலப் பரப்பில் ஏறத்தாழ பாதி எந்த மாவட்ட ஆட்சியின் கீழும் இல்லை. அங்கே சட்டமன்றமே உள்ளாட்சியின் இடத்தில் இருக்கிறது. நகராட்சி எல்லைக்கு வெளியே சொத்துவரி கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்கு மாநிலம் தழுவிய கட்டட விதியும் கிடையாது. வரைபட அனுமதி கேட்டு அலைய வேண்டாம். ஆனால் கழிவுநீரை எங்கே விடுவது என்பதில் மாநில விதி அங்கும் செல்லும். வரி வாங்க ஆள் வராத இடத்துக்குத் தீயணைப்பு வண்டியும் வராது. வீடு பற்றிக்கொண்டால் அண்டை வீட்டார்தான், அண்டை வீடு இருந்தால். விடுதலை என்று வெளியூரார் பேசுவதும் கைவிடப்பட்ட நிலை என்று உள்ளூரார் பேசுவதும் அங்கே பலசமயம் ஒரே விஷயத்தைத்தான்.

வீடு, தண்ணீர், விறகு

மாநிலத்தின் நடுப்பகுதி நகரமான ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே மண் ஓரளவு ஆழத்துக்குக் கீழே ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும். அதன்மேல் நேரடியாக அடித்தளம் போட்டுக் கணப்பு மூட்டினால், வீட்டின் சூடு கீழே இறங்கி மண்ணைக் கரைத்து, வீடு சாயும். அதனால் தூண்களின்மேல் வீட்டைத் தூக்கிக் கட்டி, அடியில் குளிர்காற்று ஓட இடம் விடுகிறார்கள். தண்ணீர்க் குழாயைப் புதைக்க முடியாது. வெப்பம் காக்கும் உறை போட்டுத் தரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். இதற்கு ஆகும் செலவை இருநூறு முந்நூறு பேர் வாழும் ஊர் தாங்காது. ஃபேர்பேங்க்ஸைச் சுற்றிலும் பலர் குழாய் இல்லாத மரவீடுகளில், பொதுத் தண்ணீர் நிலையத்தில் பிடித்து வண்டியில் கொண்டுவந்து வாழ்வதை ஒரு வாழ்க்கை முறையாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மேற்குக் கரையின் யுப்பிக், இனூபியாக் ஊர்கள் சிலவற்றில் அது யாரும் தேர்ந்தெடுத்ததல்ல. அங்கே கழிப்பறை என்பது பை வைத்த ஒரு வாளி. அதை யாராவது தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஊர்ப் பொதுச் சலவைக்கூடத்தில் காசு போட்டுத் துணி துவைத்து, குளித்து, குடிநீர் பிடித்துவர வேண்டும். குழாய்நீர் இல்லாத ஊர்களின் குழந்தைகள் நிமோனியாவுக்கும் தோல்நோய்க்கும் அதிகமாக மருத்துவமனை சேர்கிறார்கள் என்பது ஆய்வில் உறுதிப்பட்ட செய்தி. கைகழுவத் தண்ணீரைக் கணக்குப் பார்க்கும் வீட்டில் வேறென்ன நடக்கும்? 2021ஆம் ஆண்டின் ஒன்றிய உள்கட்டமைப்புச் சட்டம் நாடெங்கும் பழங்குடி ஊர்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு 350 கோடி டாலர் ஒதுக்கியபோது அதில் பெரும்பங்கு அலாஸ்காவை நோக்கிப் போனது. மாநிலமாகி அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

சாலை இல்லாத ஊருக்கு டீசலும் கணப்பு எண்ணெயும் கோடையில் ஆறு உருகியிருக்கும் சில மாதங்களுக்குள் படகில் வந்து சேர வேண்டும். அந்த ஆண்டு முழுவதற்குமான எண்ணெய்க்கு அப்போதே விலை கொடுத்தாக வேண்டும். உலகச் சந்தையில் பிறகு விலை இறங்கினாலும் அந்த ஊருக்கு இறங்காது. மின்சாரம் டீசல் எஞ்சினில்தான். ஆங்கரேஜும் ஃபேர்பேங்க்ஸும் இருக்கும் ரயில்பாதை வட்டாரத்துக்கு அரசுப் பணத்தில் பெரிய நீர்மின் திட்டங்கள் வந்தன. அந்தக் கம்பி எட்டாத கிராமங்களுக்கு ஈடாக 1984இல் மின்கட்டணச் சமனாக்கத் திட்டம் கொண்டுவரப்பட்டது. வீட்டு உபயோகத்தில் குறிப்பிட்ட அளவு வரை கட்டண வித்தியாசத்தை மாநிலம் ஏற்கிறது. நகரவாசிகள் சிலர் இதைச் சலுகை என்று குறைகூறுவதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நகரத்துக்கு அணையாகக் கொடுத்ததைக் கிராமத்துக்குக் கட்டணமாகக் கொடுக்கிறார்கள். தூரத்தைக் கணக்கில் எடுத்த சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு. மளிகைச் சாமான்களை மொத்தமாகத் தட்டுகளில் அடுக்கித் தபால் கட்டணத்திலேயே விமானத்தில் கிராமங்களுக்கு அனுப்ப அமெரிக்க அஞ்சல் துறை செய்திருக்கும் தனி ஏற்பாடும் இதே வகை. அது இல்லாவிட்டால் பல ஊர்களில் கடையே இருக்காது.

விறகுக்குக்கூட அங்கே சட்டம் உண்டு. ஃபேர்பேங்க்ஸ் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. கடுங்குளிரில் மேலே சூடான காற்று மூடிபோலப் படிந்து புகையைக் கீழேயே நிறுத்திவிடும். ஊரின் காற்று ஒன்றிய அளவுகோலைத் தாண்டிவிட்டதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. 2021 முதல் அங்கே விறகு விற்பவர் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குள் காய்ந்ததைத்தான் விற்க வேண்டும். காற்று மோசமான நாள்களில் விறகடுப்பு எரிப்பதற்கே தடை வரும். வெளியே கழித்தல் நாற்பது டிகிரி. எண்ணெய் வாங்க வசதியில்லாதவர்கள் பலர் விறகு எரிக்கிறார்கள். சட்டம் தேவைதான், புகைமூட்டத்தில் நோய்ப்படும் நுரையீரலும் அவர்களுடையதுதான். ஆனால் அந்தத் தடை யார் வீட்டில் முதலில் குளிராக இறங்குகிறது என்பதைச் சட்டம் இயற்றுபவர் மறக்கக் கூடாது.

சமமான பணம்

ஆண்டுதோறும் வரும் பணத்தைப் பற்றி இனி. 1969இல் எண்ணெய்க் குத்தகை ஏலத்தில் கிடைத்த 90 கோடி டாலர் சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டதைக் கண்ட மக்கள், 1976இல் அரசமைப்பையே திருத்தி நிரந்தர நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். கனிம உரிமைத்தொகையில் குறைந்தது கால்பங்கு அதில் சேர வேண்டும். முதலைத் தொடக் கூடாது. இன்று அதன் மதிப்பு 8,000 கோடி டாலருக்கு மேல். அதன் வருவாயிலிருந்து ஒவ்வொரு குடிமகனுக்கும் பங்கு கொடுக்கலாம் என்றபோது, ஆளுநர் ஜே ஹேமண்ட் காலத்தில் இயற்றப்பட்ட முதல் சட்டம், 1959 முதல் அங்கே வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பங்கு என்று வகுத்தது. பழையவருக்கு அதிகம், புதியவருக்குக் குறைவு. அண்மையில் குடியேறியிருந்த ஸோபெல் தம்பதியர் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு எல்லோருக்கும், கைக்குழந்தை உட்பட, சமமாக 1,000 டாலர் கொடுக்கப்பட்டது.

விண்ணப்பிப்பவர் முந்தைய ஆண்டு முழுவதும் அலாஸ்காவில் வசித்திருக்க வேண்டும். தொடர்ந்து அங்கேயே இருக்கும் எண்ணம் இருக்க வேண்டும். படிப்பு, ராணுவப் பணி, மருத்துவம் போன்ற காரணங்கள் இன்றி 180 நாளுக்கு மேல் வெளியே தங்கியிருக்கக் கூடாது. ஆகவே பணத்துக்காக ஓடிப்போய்க் குடியேறலாம் என்பவர்களுக்கு முதல் குளிர்காலம் கையில் எதுவும் கிடைக்காது. 1980இல் தனிநபர் வருமான வரியையும் மாநிலம் நீக்கிவிட்டது. மாநில விற்பனை வரியும் இல்லை. எண்ணெய் வருவாய் இறங்கியதும் பங்குத்தொகையும் வரியில்லாத நிலையும் மோதின. 2016இல் ஆளுநர் பங்குத்தொகையில் பாதியை வெட்டினார். அது செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. 2022இல் 3,284 டாலர், 2023இல் 1,312, 2025இல் 1,000. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அதே எண்.

பட்ஜெட் பற்றாக்குறையை ஈடுகட்ட இருக்கும் வழிகளில், எல்லோருடைய பங்கையும் ஒரே அளவு வெட்டுவதுதான் ஏழைகளை அதிகமாகத் தாக்கும் என்று அலாஸ்கா பல்கலைக்கழகப் பொருளியலர்கள் 2016இலேயே கணக்குப்போட்டுக் காட்டினார்கள். ஆங்கரேஜில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த ஆயிரம் டாலர் ஒரு விடுமுறைப் பயணம். மேற்கே குஸ்கோக்விம் ஆற்றங்கரைக் குடும்பத்துக்கு அது பனிவண்டியின் எரிபொருள், வலை, படகின் எஞ்சின். அதாவது ஆண்டு முழுதும் உணவு தேடுவதற்கான கருவிகள். இருவரிடமும் சமமாக எடுத்ததைச் சமம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளியும் காவலும்

1970களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பழங்குடிக் கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சிட்காவிலோ, இன்னும் தெற்கே ஓரிகன் மாநிலத்திலோ இருந்த விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும், அல்லது படிப்பை நிறுத்த வேண்டும். பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போனவர்கள் சீல் வேட்டையையும் தாய்மொழியையும் கற்கும் வயதை வெளியே கழித்தார்கள். எம்மோனாக் கிராமத்து மாலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரால் 1972இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஊரிலேயே பள்ளி வேண்டும் என்பது அரசமைப்பு உரிமையல்ல என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் சொல்லிவிட்டது. ஆனால் சம பாதுகாப்புக் கோரிக்கை மட்டும் உயிரோடிருந்தது. நகரத்து வெள்ளைக் குழந்தைக்கு வீட்டருகே பள்ளி, பழங்குடிக் குழந்தைக்கு ஆயிரம் மைல் தள்ளி விடுதி என்பது சமமா என்ற கேள்விக்கு மாநிலத்தால் பதில் சொல்ல முடியவில்லை. 1976இல் சமரசமாகி, 126 கிராமங்களில் பள்ளி திறக்க ஒப்புக்கொண்டது. பின்னாளில் பத்து மாணவருக்குக் குறைந்த பள்ளிக்கு நிதி சுருங்கும் என்ற விதி வந்து பல பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி மூடிய ஊரில் இளம் குடும்பங்கள் தங்குவதில்லை. இரண்டு மூன்று வீடுகள் நகரத்துக்குப் போனாலே இன்னொரு ஊர் பத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

மருத்துவத்தில் அவர்கள் கண்ட வழி இன்னும் பாராட்டத்தக்கது. கிராமத்தவரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, தொலைவிலுள்ள மருத்துவரின் ஆலோசனையோடு சிகிச்சை தரச் செய்யும் முறை, காசநோய் மருந்து கொடுப்பதில் தொடங்கி 1968இல் முறைப்படுத்தப்பட்டது. மது விஷயத்தில் ஒவ்வொரு கிராமமும் வாக்களித்து, விற்பனையை மட்டும் தடுக்கலாம், கொண்டுவருவதைத் தடுக்கலாம், வைத்திருப்பதையே குற்றமாக்கலாம். விமானத்தில் வரும் பெட்டிகள்கூடச் சோதிக்கப்படுகின்றன. இரண்டிலும் முடிவெடுப்பவர்கள் அந்த ஊரில் வாழ்பவர்கள்.

காவலில் அப்படி நடக்கவில்லை. சாலையற்ற கிராமங்களுக்குக் காவலர் விமானம் ஏறி வர வேண்டும். வானிலை கெட்டால் இரண்டு நாளும் ஆகும். நாங்களும் இம்மாநிலத்துக் குடிமக்களே, எங்களுக்கு மட்டும் ஏன் காவல் குறைவு என்று பழங்குடி அமைப்புகள் தொடுத்த வழக்கு 2005இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சாலையோரம் இருக்கும் ஊரும் சாலை எட்டாத ஊரும் ஒத்த நிலையில் இல்லை, ஆகவே பாகுபாடு என்ற பேச்சுக்கு இடமில்லை என்ற தர்க்கம் அதில் இருக்கிறது. மாணவர்களே, இந்தத் தர்க்கத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். தூரத்தால் விளைந்த இழப்பைச் சரிசெய்யக் கேட்டால், நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதே மறுப்புக்குக் காரணமாகிறது. 2019இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரே நேரில் வந்து பார்த்து, அலாஸ்காவின் கிராமப்புறத்தில் சட்ட ஒழுங்கு நெருக்கடி நிலவுவதாக அறிவிக்க வேண்டியிருந்தது.

இறைச்சி

வேட்டை பற்றிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லிவிட்டு மீனுக்குப் போகிறேன். பெரிய விலங்கைக் கொன்றவர் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. கழுத்து, விலா, தொடை என்று உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் எடுத்துவர வேண்டும். விட்டுவந்தால் அபராதமும் சிறையும் உண்டு. சாலையில் கார் மோதி இறக்கும் மூஸ் என்னும் பெரிய மான் மாநிலத்தின் சொத்து. நடு இரவானாலும் காவலர் ஒரு பட்டியலிலிருந்து தொலைபேசியில் அழைப்பார்; அழைக்கப்பட்ட தொண்டு அமைப்போ குடும்பமோ உடனே கத்தியோடும் வண்டியோடும் வந்து அறுத்து எடுத்துப்போக வேண்டும். ஒரு வளர்ந்த மூஸில் இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும். விமானப் பயணத்துக்கும் இப்படி ஒரு விதி இருந்தது: சிறு விமானங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வார உணவு, கோடரி, தூண்டில் முள், கொசுவலை, குளிர்காலமானால் பனிக்காலணியும் தூங்குபையும் இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் நெடுங்காலம் பட்டியலிட்டிருந்தது. இவை யாரோ அனுபவித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து எழுதப்பட்ட விதிகள். அவற்றோடு சண்டைக்குப் போகிறவர்கள் அரிது.

மீன்

மீன் விஷயத்தில் சண்டை நாற்பதாண்டாக ஓயவில்லை. 1971 சட்டம் பூர்வீக உரிமையை அழித்ததைச் சொன்னேன். அந்தத் தவறைப் பாதியாவது சரிசெய்ய, 1980 டிசம்பர் 2 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட நிலப்பாதுகாப்புச் சட்டத்தில் எட்டாம் தலைப்பு என்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஒன்றிய அரசின் நிலங்களில், மீனோ விலங்கோ எல்லோருக்கும் போதாதபோது, உணவுக்காகப் பிடிக்கும் கிராமப்புற மக்களுக்கே முதலிடம் என்பது அதன் சாரம். பழங்குடி என்று சொல்லாமல் கிராமப்புறத்தார் என்று எழுதினார்கள். அங்கே வாழும் எந்த இனத்தவருக்கும் அது பொருந்தும்.

மாநில அரசமைப்போ வேறு வழியில் எழுதப்பட்டது. 1955-56 குளிர்காலத்தில் ஃபேர்பேங்க்ஸ் அருகே பல்கலைக்கழகத்தில் கூடி அதை எழுதியவர்களின் மனத்தில் ஒரு கசப்பு இருந்தது. சியாட்டிலிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருந்த டின்மீன் நிறுவனங்கள் ஆற்றுவாய்களில் பெரும் பொறிவலை கட்டிச் சால்மனை வாரிக்கொண்டு போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். எனவே மீனும் விலங்கும் நீரும் எல்லா மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கே, யாருக்கும் தனி மீன்பிடி உரிமை இல்லை என்று எழுதினார்கள். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் 1989இல் மெக்டவல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதே வாசகங்களை வைத்து, வசிக்கும் இடத்தைப் பார்த்துக் கிராமத்தாருக்கு முன்னுரிமை தருவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்களின் பேராசையை நிறுத்த எழுதிய வரி ஆற்றங்கரைக் கிழவியின் வலையை நிறுத்தப் பயன்பட்டது. அரசமைப்பைத் திருத்தச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் சிறப்புக் கூட்டமாகக் கூடியும் தேவையான வாக்கு சேரவில்லை. 1990இல் ஒன்றிய அரசு தன் நிலங்களில் வேட்டை நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

கிழவி என்று நான் சொன்னவர் கேட்டி ஜான். 1915இல் பிறந்த அதபாஸ்கன் மூதாட்டி. தனாடா ஓடை காப்பர் ஆற்றில் கலக்கும் பட்ஸுல்னெடாஸ் என்ற இடத்தில் அவருடைய மக்கள் தலைமுறைகளாகச் சால்மன் பிடித்தார்கள். 1964இல் மாநிலம் அந்த இடத்தில் மீன்பிடிப்பை மூடியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வணிக மீன்பிடிப்பு தொடர்ந்தது. திறந்துவிடும்படி 1984இல் அவரும் டோரிஸ் சார்லஸ் என்ற இன்னொரு மூதாட்டியும் மாநில மீன்வள வாரியத்திடம் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. வழக்கு அங்கே தொடங்கியது. ஒன்றிய நிலங்கள் என்று சட்டம் சொல்வதில் அந்த நிலத்தின் ஊடாக ஓடும் ஆறும் சேருமா என்பதே கேள்வி. ஒன்றிய அரசு நீருரிமை ஒதுக்கிவைத்திருக்கும் ஆறுகள் சேரும் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995இல் கூறியது. 1999 முதல் அந்த ஆறுகளின் உணவு மீன்பிடிப்பு ஒன்றியத்தின் கைக்கு வந்தது. அதே நீதிமன்றம் 2001இல் அதை உறுதிசெய்தபோது, உச்ச நீதிமன்றத்துக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் ஆளுநர் டோனி நோல்ஸ். அவர் கேட்டி ஜானின் மீன்பிடித் தளத்துக்கே போய் அவரோடு பேசினார். திரும்பிவந்து, மேல்முறையீடு இல்லை என்று அறிவித்தார். சட்டம் தன் தீர்ப்பை ஆற்றங்கரைக்குப் போய்த் தேடிய அரிய தருணம் அது. கேட்டி ஜான் 2013இல் காலமானார்.

அதன் பிறகு ஆறு வேறொருவரின் வழக்கில் திரும்ப வந்தது. மூஸ் வேட்டைக்குக் காற்றுமெத்தைப் படகில் போன ஜான் ஸ்டர்ஜனை 2007இல் நேஷன் ஆற்றில் தேசியப் பூங்காக் காவலர்கள் நிறுத்தினார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது: பூங்காவுக்குள் ஓடினாலும் அந்த ஆறு பூங்கா விதிகளுக்கு உட்பட்ட பொதுநிலம் ஆகாது, அலாஸ்காவுக்கு மற்ற மாநிலங்களின் அளவுகோல் பொருந்தாது. கேட்டி ஜான் தீர்ப்புகளைத் தாங்கள் தொடவில்லை என்றும் அடிக்குறிப்பில் எழுதினார்கள். மாநிலம் அந்த அடிக்குறிப்பைப் பொருட்படுத்தவில்லை. 2021இல் குஸ்கோக்விம் ஆற்றில் சால்மன் குறைந்தபோது, உள்ளூர்க் கிராமத்தார் மட்டும் பிடிக்கலாம் என்று ஒன்றியம் அறிவித்தது. அதே நீரில், அதே பருவத்தில், அலாஸ்காவாசி எவரும் பிடிக்கலாம் என்று மாநிலம் அறிவித்தது. வலை போட நின்றவர் எந்த அறிவிப்பை நம்புவது? ஒன்றியம் 2022இல் வழக்குத் தொடுத்தது. 2024இல் மாவட்ட நீதிமன்றமும் 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கேட்டி ஜான் வழியே சரி என்றன.

நான் அந்தத் தீர்ப்புகளின் பக்கம் நிற்கிறேன். ஆங்கரேஜில் மீன் கிடைக்காதவர் கடைக்குப் போகிறார். குஸ்கோக்விம் ஆற்றின் பெத்தேல் நகரத்துக்கு அப்பால் கரையில் மீன் கிடைக்காதவர் போக வேண்டிய கடையில், விமானத்தில் வந்த உறைந்த கோழி, அவருடைய வருமானத்துக்கு எட்டாத விலையில் இருக்கிறது. அதோடு கோடையில் மீன்தளத்தில் பாட்டி அறுத்துக் காட்டிப் பேத்தி கற்றுக்கொள்வது எந்தக் கடையிலும் கிடைக்காது. இருவருக்கும் ஒரே உரிமை என்று சொல்வது அந்தத் தூரத்தையும் அந்தப் பேத்தியையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதாகும்.

ஆனால் இப்போது ஆறுகளில் மீனே குறைந்துவிட்டது. கனடாவிலிருந்து ஓடிவரும் யூக்கான் ஆற்றின் சினூக் வகைச் சால்மனை ஏழாண்டுகளுக்கு, அதாவது அம்மீனின் ஒரு முழு வாழ்நாள் சுற்றுக்கு, பிடிப்பதை நிறுத்திவைக்க மாநிலமும் கனடாவும் 2024 ஏப்ரல் 1 அன்று ஒப்பந்தம் செய்தன. கடல் சூடானது, ஆற்றுநீர் சூடானது, மீன்களிடையே பரவும் நோய் என்று காரணங்களை அறிவியலர்கள் விவாதிக்கிறார்கள். ஆற்றங்கரை மக்கள் அவற்றோடு இன்னொன்றையும் சுட்டுகிறார்கள். பெரிங் கடலில் பொல்லாக் மீனுக்காக இழுவலை போடும் பெரிய கப்பல்கள், ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய சால்மனையும் தற்செயலாக அள்ளிவிடுகின்றன. கரையில் குடும்பத்துக்கு ஒரு மீனும் பிடிக்கக் கூடாது என்னும்போது கடலில் அது எப்படி ஆகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கடலின் அளவுகளை விதிப்பது ஒன்றிய அரசு. ஆற்றில் அவர்களுக்கு முதலிடம் கொடுத்துப் பாதுகாக்கும் அதே ஒன்றிய அரசு. யுப்பிக், அதபாஸ்கன் கிராமங்களின் இரு கூட்டமைப்புகள் 2023இல் அந்த அளவுகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2025இல் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எட்டாம் தலைப்பின் முதலிடம் ஆற்றுவாயோடு நின்றுவிடுகிறது. சால்மன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பதோ கடலில். அந்த முதலிடத்தைக் கடலுக்குள்ளும் நீட்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸால் முடியும். இங்கே சட்டம் படிக்கும் உங்களில் யாரேனும் மீன்வளச் சட்டத்தைத் தொழிலாக எடுத்தால், அடுத்த சில ஆண்டுகளில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.